அந்த இரவு நான் பொறுத்திருக்கக் கூடாது

2023 நவம்பர், மழைக்காலம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதி) நான் வேலை செய்யும் காகிதப்பெட்டித் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் 20 நிமிடம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சாலையில் சேரும் முச்சந்தியில், லோரிகள் இழுத்துவரும் சேறு மழை நாளெல்லாம் அப்படியே கிடக்கும். அன்று காலை 6.20 இருக்கும். எதிரே லோரி வரவே வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். கால் சேற்றில் வழுக்கியது. வண்டி ஓடக்கூட இல்லை. நின்ற வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தேன், அவ்வளவுதான். விழும்போது வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். 'மளுக்' என்று ஒரு சத்தம் எனக்குள்ளேயே கேட்டது.

எழுந்து பார்த்தால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை வளைந்திருந்தது. பக்கவாட்டில் பார்க்க, மேசையில் கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி ஒரு மேடு. ஆனால் விரல்கள் அசைந்தன. எங்கள் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு ஒன்று உண்டு: விரல் அசைந்தால் எலும்பு உடையவில்லை, வெறும் சுளுக்குத்தான். நானும் அதையே நம்பினேன். அது முழுக்கத் தவறு. விரலை அசைக்கும் தசைகள் முழங்கையின் பக்கத்திலிருந்து வருகின்றன. மணிக்கட்டு எலும்பு இரண்டாக உடைந்தாலும் விரல் அசையத்தான் செய்யும். கையின் வடிவம் மாறியிருந்தால், எலும்பின் மேல் ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், கொஞ்ச நேரத்திலேயே வீங்கினால், அது உடைந்த எலும்பு என்று வைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போகவேண்டும். எனக்கு வந்த முறிவின் பெயர் கோலிஸ் முறிவு. அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஏப்ரகாம் கோலிஸ் என்ற மருத்துவர் 1814-இல் அதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். கையின் தோற்றத்தை வைத்தே அவர் கண்டுகொண்ட ஒன்றை, கண்ணெதிரே வைத்துக்கொண்டு நான் சுளுக்கு என்றேன்.

அங்கிருந்து உள்ளூர் ஆஸ்பத்திரி 10 நிமிடம். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் உட்கார வேண்டுமே என்ற சலிப்பு ஒன்று. 'கத்தி வைத்துவிடுவார்கள்' என்ற பயம் இன்னொன்று. என் கணவர் 6 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்பத்திரியில்தான் போனார். அதன் பிறகு அந்த மருந்து வாசனையே எனக்கு ஆகாது. வீட்டில் 78 வயது அம்மா, மகன் சிங்கப்பூரில். இட்டுக்கொண்டு போக ஆளில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா கையைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் எலும்பு வைத்தியம் பார்க்கும் பெரியவரிடம் போகச் சொன்னார். அம்மாவுக்கு ஒருமுறை முழங்கால் பிசகியபோது அவர்தான் சரி செய்தவர். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளரைத் தவிர வேறு வைத்தியமே இல்லாத காலத்தில் எங்கள் தோட்டத்து மக்களை இப்படிப்பட்டவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவர் தன்மையானவர். கையை இழுத்து நேராக்கினார். எண்ணெய் தடவி, முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, நான்கு மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் இறுகச் சுற்றினார். முழங்கைக்குக் கொஞ்சம் கீழிருந்து விரல்களின் அடி வரைக்கும் கட்டு. 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அப்போது மணி 10.30. என் மோதிரம் விரலிலேயே இருந்தது. கழற்றச் சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிற்பகல் 2 மணி வரைக்கும் பரவாயில்லை. 4 மணிக்கு மேல் கட்டு இறுகுவதுபோல் இருந்தது. உண்மையில் இரண்டும் நடந்தது: பற்று காயக் காயச் சுருங்கி இறுகியது, உள்ளே கை வீங்கிக்கொண்டே போனது. இரண்டுக்கும் நடுவில் என் தசை. 7 மணிக்கு இரண்டு பனடோல் வலி மாத்திரை போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் விழுந்தபோது வந்த வலி வேறு. அது உடைந்த இடத்தில் மட்டும் சுரீர் என்று வரும், கையை அசைக்காவிட்டால் அடங்கும். இந்த வலி முன்கை முழுவதும், ஆழத்தில், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல், ஓயாமல் வந்தது. அசையாமல் இருந்தாலும் குறையவில்லை. 9 மணிக்குப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வலித்தால்தான் எலும்பு கூடுகிறது என்று அர்த்தம். இன்றிரவு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார்.

பொறுத்துக்கொள்வதில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் வாரம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். காலில் அட்டை கடித்ததையும் பால் சுமக்கும் காண்டா வாளி தோளை அறுத்ததையும் அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்கிறது என்று சொல்வது எங்கள் வீட்டில் வேலைக்குப் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்வதுபோல. அதனால் அந்த இரவு, பக்கத்து அறையில் அம்மா தூங்கும்போது, தலையணை உறையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீக்கம் வடியட்டும் என்று கையை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வைத்தேன். 11 மணிக்கு விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. 1 மணிக்கு நடுவிரலை நீட்டப் பார்த்தேன். முழங்கை வரை யாரோ தோலை உரிப்பதுபோல் இருந்தது. விரல்கள் தானாகவே மடங்கிக்கொண்டன. அப்போதும் நினைத்தது இதுதான்: விடிந்ததும் போய்க்கொள்ளலாம், நடுராத்திரியில் யாரைத் தொந்தரவு செய்வது.

3 மணிக்குச் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். என் விரல் மாதிரியே இல்லை. அந்தப் பயம்தான் என்னை எழுப்பியது. எதிர்வீட்டுத் தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், அவர் கதவைத் தட்டினேன். "அக்கா, சாயங்காலமே என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அவர் மனைவி நான் வெளுத்துப்போயிருக்கிறேன் என்று ஒரு குவளை மைலோ குடிக்க வைத்தார். பாசத்தில் செய்தது. ஆனால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் வழியில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்டதே கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதுதான். என் பதிலைக் கேட்டு அவர் முகம் மாறியது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர், தமிழ்ப் பெண். கட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் பெரிய கத்தரிக்கோலால் பத்தை, துணி, பற்று எல்லாவற்றையும் தோல் தெரியும் வரை வெட்டி எடுத்தார். கை மரக்கட்டைபோல் விறைத்துப் பளபளத்தது. "நேற்றுக் காலை விழுந்தபோது இருந்த வலியைவிட இப்போது அதிகமா?" என்று கேட்டார். "பொறுத்துக்கொள்ளலாம் டாக்டர்" என்றேன். "பொறுத்துக்கொள்ள முடியுமா என்று நான் கேட்கவில்லை அம்மா. அதிகமா என்று கேட்டேன்" என்றார். பிறகு மடங்கிக் கிடந்த என் நடுவிரலை மெல்ல, மிக மெல்ல நேராக்கினார். இரவு முழுவதும் வாய் திறக்காத நான் அந்த அறையே அதிரக் கத்தினேன். அவர் உடனே தொலைபேசியை எடுத்தார். ஆம்புலன்ஸில் ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பெயர் கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம். வார்டில் ஒரு டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் தசைகள் கெட்டியான உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை நீண்டு கொடுக்காது. எலும்பு உடைந்து உள்ளே இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது, வாழையிலையில் நெருக்கிக் கட்டிய மாவு வெந்து பருக்க இடமில்லாமல் திணறுவதுபோல் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சிறு நாளங்களுக்குள் இரத்தம் நுழைய முடியாது. இரத்தம் இல்லாமல் சுமார் 6 மணி நேரம் போனால் தசைக்கு மீளாத சேதம் தொடங்கிவிடும். வெளியே இறுக்கமான கட்டும் இருந்தால் அந்த அழுத்தம் இன்னும் சீக்கிரம் ஏறும். செத்த தசை சுருங்கி நாரைப்போல் ஆகி விரல்களைக் கொக்கிபோல் மடக்கிவிடும். ஜெர்மனியில் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் இதை இறுக்கமான கட்டோடு தொடர்புபடுத்தி 1881-இல் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டுக்கு முன்பே தெரிந்த ஒரு விஷயம் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லையே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே யாருக்குக் கை கால் உடைந்தாலும், கட்டுப் போட்ட அன்றும் மறுநாளும் இதைக் கவனியுங்கள். எலும்பை அசையாமல் கட்டிவிட்டால் வலி மெல்லக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால், விரலை இன்னொருவர் நீட்டிவிடும்போது உயிர் போகிற வலி வந்தால், தசை கல்லாக இறுகினால், விரல் மரத்துப்போனால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். துணிக்கட்டு என்றால் உடனே முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். எலும்பு நகர்ந்துவிடுமே என்று பயப்படவேண்டாம், எலும்பைத் திரும்ப நேராக்கலாம், செத்த தசையை உயிர்ப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் வலி கூடுகிறது என்று சொல்லுங்கள். அவர்களிடம் அதை வெட்டித் திறக்கும் கருவி இருக்கிறது. சாதாரண வீக்கத்துக்குக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது நல்லது. ஆனால் இந்த ஆபத்து என்று சந்தேகம் வந்துவிட்டால் நெஞ்சு மட்டத்திலேயே வைக்க வேண்டும். ரொம்ப உயர்த்தினால் உள்ளே போகிற கொஞ்ச இரத்தமும் குறைந்துவிடும். என் தலையணை இரண்டும் எனக்கு எதிராக வேலை செய்திருக்கின்றன. இன்னொன்று, நாடி துடிக்கிறது, விரல் சிவப்பாகத்தான் இருக்கிறது என்று யாராவது தேற்றினால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நாடி நிற்பது கடைசியில்தான். எனக்குக் கடைசி வரை நாடி துடித்துக்கொண்டுதான் இருந்தது.

மோதிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் பிறந்தபோது கணவர் போட்டது. விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அவசரப் பிரிவில் தாதி ஒரு சிறு சக்கரக் கத்தியை மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் விட்டு அறுத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கையில் அடிபட்ட அந்த நிமிடமே, வீக்கம் வருவதற்கு முன்னால், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காலில் அடி என்றால் மெட்டி, கொலுசு. அதன்பின் மடித்த செய்தித்தாளோ அட்டையோ வைத்து, கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே லேசாகச் சுற்றிக் கழுத்தில் துண்டால் தூக்கிக் கட்டி, ஐஸ் கட்டியைத் துணியில் பொதிந்து 15 நிமிடம் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். இழுக்க வேண்டாம், நீவ வேண்டாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு 999-ஐ அழையுங்கள், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

ஈப்போவில் சம்மதக் கடிதத்தை நீட்டினார்கள். மகனின் தொலைபேசி அணைந்திருந்தது, இரவு வேலை. இடது கைப் பெருவிரல் ரேகையை நானே வைத்தேன். முன்கையை நீளவாக்கில் கீறி உறைகளைத் திறந்து, காயத்தைத் தைக்காமல் விட்டுவிட்டார்கள். எலும்புக்கு வெளியிலிருந்து கம்பிச் சட்டம். மூன்றாம் நாள் மறுபடி உள்ளே போய் செத்த தசையை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் எலும்புக்குத் தகடு வைத்து, தொடையிலிருந்து தோல் எடுத்துக் காயத்தை மூடினார்கள். 15 நாள் படுக்கை. 6 வார மாவுக்கட்டோடு போயிருக்க வேண்டிய ஒரு முறிவு இது. நடுவிரலும் மோதிர விரலும் இன்றைக்கும் முழுதாக நீளவில்லை.

பிசியோதெரபி அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் 7 வயதுப் பையன் ஒருவன் உட்காருவான். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறிவு. அவனுக்கும் இதே ஆபத்து வந்து, நேரத்தோடு கொண்டுவந்ததால் தப்பியவன். குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே உடைவது மிகச் சாதாரணம், அதில் நாளமும் நரம்பும் நசுங்குகிற வாய்ப்பும் அதிகம். வலிக்கிறது என்று சரியாகச் சொல்லக்கூட அந்த வயதில் தெரியாது. அழுகை அடங்காமல், மருந்து கேட்டுக்கொண்டே இருந்தால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பையனின் அம்மாவிடம் டாக்டர் சொன்னாராம். வார்டில் என் எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் 5 நாள் தைலம் தேய்த்திருக்கிறார்கள். ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு மூட்டில் தொடையெலும்பு முறிந்ததன் அடையாளம். வயதானவர்களுக்கு அதை ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து எழுப்பி நடக்க வைக்க வேண்டும். படுத்த படுக்கையானால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் இரத்தக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தப் பாட்டி வீடு திரும்பவில்லை. கால் முறிவோடு படுத்திருக்கும் யாருக்கும் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, அது இரத்தக் கட்டு நுரையீரலுக்குப் போனதாக இருக்கலாம். அதையும் விடியும் வரை வைத்திருக்கக் கூடாது.

இனி பணம். பெரியவருக்கு 180. எலும்பில் வைத்த தகட்டுக்கு 2,800 வெள்ளி நான் கட்ட வேண்டியிருந்தது. சங்கிலியை அடகு வைத்தேன். வார்டுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு நாளைக்கு 3 வெள்ளிதான், அரசாங்க ஆஸ்பத்திரியின் அந்தப் புண்ணியத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஈப்போவுக்குப் போய்வருகிற வண்டிச் செலவு 5 மாதத்தில் 1,600-ஐத் தாண்டியது. சம்பளம் இல்லாத நாட்கள் தனி. இதில் பாதிச் சுமையை நான் சுமந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் அது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கணக்கில் வரும் விபத்து. மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கணக்கிடப்படும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். எனக்கு அது தெரியாது. சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். வேறு வண்டி மோதவில்லையே என்று நான் விட்டுவிட்டேன். முதலாளி தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளருக்கே நான் நான்காம் நாள்தான் வார்டிலிருந்து தகவல் சொன்னேன், அதுவும் 'கையில் அடி' என்று மட்டும். விழுந்த அன்று டாக்டரைப் பார்க்காததால் அன்றைய தேதியிட்ட விடுப்புச் சீட்டு என்னிடம் இல்லை. வைத்தியரின் ரசீது அதற்குச் செல்லாது. எந்த வழியாக வேலைக்குப் போனேன் என்று வரைபடம், வேலை நேரப் பதிவு, தாமதத்துக்கு விளக்கக் கடிதம் என்று மகன் விடுப்பெடுத்து வந்து அலைந்து முடிக்க 4 மாதம். ஆஸ்பத்திரியின் சமூகநல அதிகாரி ஒருவர் பிறகு சொன்னார்: சொக்சோ விபத்து என்று முதல் நாளே சொல்லியிருந்தால் தகட்டுச் செலவுக்கும் சங்கிலியை அடகு வைக்கும் முன் உதவி கேட்டிருக்கலாமாம். ஆகவே அவசரப் பிரிவுப் பதிவிலேயே 'வேலைக்குப் போகும் வழியில்' என்று எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்வதோடு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் அதில் நிற்கும்.

கட்டுப் பிரித்த பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பத்திரமாக வைத்திருந்ததில் தோள் இறுகிப்போய், சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. உடையாத தோளையும், வலி தாங்குகிற அளவுக்கு விரல்களையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் நான் செய்யவில்லை. அதோடு கையில் தீப்பட்டதுபோல் ஓர் எரிச்சல். போர்வை உரசினால்கூடத் தாங்காது, தோல் மினுமினுத்து ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் ஜில்லென்றும் இருக்கும். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று 3 வாரம் சொல்லவில்லை. பிசியோதெரபி செய்யும் பெண்தான் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். முறிவுக்குப் பின் நரம்புகள் தடம் புரள்கிற ஒரு நோய் அது, சி.ஆர்.பி.எஸ். என்கிறார்கள். சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் பழக்கிக் கொண்டுவரலாம். தினமும் கையைத் துணியால், பிறகு பஞ்சால், பிறகு அரிசிக்குள் விட்டு எடுத்து என்று பழக்கினோம். 7 மாதம் ஆனது. இப்போது கறிக்கு வெங்காயம் நறுக்குகிறேன். ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை.

கடைசிப் பரிசோதனையில் டாக்டர் வேறொன்று கேட்டார். நின்ற வண்டியிலிருந்து சாய்ந்ததற்கா இப்படி உடைந்தது? எனக்கு அப்போது வயது 51, மாதவிலக்கு நின்று 4 ஆண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், எலும்பே மெலிந்திருக்கிறது என்பதற்கு அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம் என்றார். எலும்பு அடர்த்தியை அளக்கும் பரிசோதனையில் எனக்கு எலும்பு மெலிவு இருப்பது தெரிந்தது. மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை. அம்மாவுக்கும் இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவின் முதுகு வளைந்து, உயரம் குறைந்து பல ஆண்டாகிறது. வயதானால் கூன் விழும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக நொறுங்கி அமுங்குவதும் முறிவுதான், விழாமலேயே வரும், வெளியே தெரியாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் மடங்கிய விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தவர், "டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். எப்போதும் இல்லை என்றே சொல்லிப் பழகியவர். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள் அம்மா என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"11 வருடமாக வலிக்கிறது."